ஆபீசில் கழற்றிய புரொசசர்

என் கம்பியூட்டரில் கார் ஓடாது, நொண்டும். வளைவு வருவதற்கு முன்னாலேயே படம் நின்றுவிடும். மறுபடி அசையும்போது கார் மதிலில் மோதிக் கவிழ்ந்து கிடக்கும். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டிப் போயிருப்பார்கள். தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்துக் காம்பராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையில், அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு பலகை அடித்து அந்த மெஷினை வைத்திருந்தேன். பதுளையில் ஒரு கடையில் பாவித்த சாமானாக வாங்கியது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும்.

இருபத்திரண்டு வயதில் கார் விளையாட்டுக்கு ஏங்கினானா என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எங்கள் லயத்தில் இருபது காம்பரா. சொந்தமாக ஒரு சைக்கிள் வைத்திருந்தவன் ஒருவனும் கிடையாது. வைத்திருந்தாலும் அந்த ஏற்றத்தில் அதைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கடை மாடியில், காசு கொடுத்து கேம் விளையாடும் அறை ஒன்று இருந்தது. அங்கே இதே கார் வழுக்கிக்கொண்டு போகும். கையைத் திருப்பினால் திரும்பும். அதை ஒரு முறை ஓட்டிவிட்டு வந்தவனுக்கு வீட்டு மெஷினைப் பார்த்தாலே எரிச்சல் வரும். உள்ளே இருந்தது பழைய செலரான் புரொசசர், ஆமை வேகம். அதைக் கழற்றிவிட்டு அதே குழியில் ஒரு பென்டியம் மூன்று போட்டால் போதும், மெஷினே வேறாகிவிடும் என்று எனக்கு அதை விற்ற கடைக்காரர் சொன்னார். ஆனால் அந்தச் சிப் பதுளையில் இல்லை. கொழும்பில் சொல்லிவைத்து, பாவித்ததாக ஒன்று கிடைத்தால்தான் உண்டு. சொல்லிவைத்தார். நான் வாராவாரம் போய்க் கேட்டேன். ஐந்து மாதம் கேட்டேன்.

இதற்கிடையில் தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு பென்டியம் மூன்றின் முன்னால்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

நான் தோட்ட ஆபீசில் கம்பியூட்டர் வேலையில் இருந்தேன். உயர்தரப் பரீட்சை எழுதிக் கோட்டைவிட்டு, பதுளையில் ஆறு மாதம் ஒரு கோர்ஸ் படித்தேன். தோட்டத்துக்குக் கம்பியூட்டர் வந்த நேரம் அது, அதை இயக்க ஆள் தேவைப்பட்டது, என்னைப் போட்டார்கள். எங்கள் லயத்திலிருந்து அந்த ஆபீசுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். மற்றவர்கள் எல்லாரும் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பேசினார்கள். என் அம்மாவும் அப்படித்தான் பேசினார். கொழுந்துக் கூடையோடு ஜன்னலில் வந்து நின்று, நான் உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விடுவார்.

ஆபீசில் பெரிய கிளாக்கர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக மலைநாட்டில் இருந்தும் பேச்சு மாறாதவர். அவருக்கும் எனக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, தரை கூட்டி, தபால் கட்டை எடுத்துக்கொண்டு போய் வந்து, சாயங்காலம் கதவைப் பூட்டுவது மாமாவின் வேலை. எனக்கு அவர் சொந்தம் இல்லை. தோட்டத்தில் சின்னவர்கள் எல்லாரும் அவரை மாமா என்றே கூப்பிட்டோம்.

மாமா முன்னே ஸ்டோரில் வேலை செய்தவர். தேயிலை ஆலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். கொழுந்து அரைக்கிற ரோலரில் வலது கை அகப்பட்டு நடு விரல்கள் மூன்றும் போயின. பெருவிரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். அப்போதிருந்த தொரை, தோட்டத்து மானேஜர், மனம் இளகி அவரை ஆபீஸ் வேலைக்கு எடுத்தார். அந்த வேலை போனால் அவருக்கு மலைதான். மலையில் ஆம்பளைக்கு என்ன வேலை இருக்கிறது? தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட வேண்டும், மண்ணைக் கிளற முள்ளுக் குத்த வேண்டும், தண்ணீர் ஓடக் கான் வெட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் இரண்டு முழுக்கை தேவை. அது அவருக்கும் தெரியும், எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால் அவர் ஆபீசில் ஒரு குண்டூசி கீழே விழுந்தாலும் ஓடிவந்து எடுப்பார். அந்த ஓட்டம் சில நேரம் எனக்கே எரிச்சலாக இருக்கும்.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் மாமா ஓட மாட்டார். அது ஆயுத பூசை. விரதம் இருந்து, குளித்து, ஈர வேட்டியோடு அவர் ஆபீசுக்குள் வந்தால் அன்றைக்கு அவர் சொன்னதுதான் சட்டம். பேரேடுகள், தராசு, டைப்ரைட்டர் எல்லாவற்றுக்கும் அவர் கையால்தான் சந்தனம், குங்குமம். அதற்குப் பிறகு மறுநாள் காலைப் பூசை முடியும்வரை எவரும் எதையும் தொடக் கூடாது. கம்பியூட்டர் வந்த முதல் வருடம் ஒரு சீடியில் இருந்து சரஸ்வதி படத்தை எடுத்து மொனிட்டர் நிறைய வைத்துக் கொடுத்தேன். மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மொனிட்டருக்கு மாலை போட்டார். கீழே கண்ணாடிக் கதவு வைத்த சின்ன அலுமாரிக்குள் மெஷின் பெட்டி இருந்தது. பனியும் ஈரமும் உள்ளே போகாமலிருக்கப் பெரிய கிளாக்கர் செய்வித்த அலுமாரி. மாமா அந்தக் கதவைத் திறந்து பெட்டிக்கு ஒரு பட்டுத்துண்டைப் போர்த்திவிட்டு மூடினார். சாயங்காலம் நான் சுவிட்சில் கை வைக்கப் போனபோது தடுத்தார்.

"அணைச்சிராத தம்பி. சாமி மொகத்த அணைக்கக் கூடாது. காலையில பூச முடிச்சிட்டு அணைப்போம்."

அப்படியே ஒரு பகலும் இரவும் அது எரிந்தது. ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருடமும் அப்படியே செய்தோம், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு அது ஆபீஸ் வழக்கமாகிவிட்டது.

மூன்றாவது வருடப் பூசைக்கு இரண்டு கிழமை முன்னால் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

திருட்டு என்று அப்போது நினைக்கவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நினைத்தேன், நினைத்துக்கொண்டேதான் செய்தேன். ஆனால் மனதுக்குள் நன்றாகப் பூசி மெழுகி வைத்திருந்தேன். ஆபீஸ் மெஷினில் தொழிலாளர் பெயரும் வேலை நாளும் அடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை, அதற்கு எதற்கு அவ்வளவு வேகம்? என் செலரானை இதில் போடுவேன், இதை வீட்டுக்குக் கொண்டு போவேன், கொழும்பிலிருந்து என்னுடையது வந்ததும் திரும்ப மாற்றிவிடுவேன். யாருக்கும் நட்டமில்லை. இப்படி ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை. பெரிய கிளாக்கர் போய்விட்டார். வீட்டு மெஷினைக் காலையிலேயே கழற்றி, அதன் சிப்பை சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அலுமாரியிலிருந்து பெட்டியை இழுத்து மேசையில் வைத்துத் திறந்தேன். மாமா தேத்தண்ணியோடு வந்தார்.

"என்னா தம்பி, வயித்தக் கிழிச்சுப் போட்டிருக்க?"

"தூசி தட்டுறேன் மாமா. பூச வருதுல்ல."

அவருக்குச் சந்தோஷம். பூசைக்கு முன் மெஷினைச் சுத்தம் செய்வது அவருக்கு நியாயமாகப் பட்டது. உள்ளே இருட்டாக இருக்கிறதே என்று தானே போய் டோர்ச் லைட்டை எடுத்து வந்தார். அந்தப் பெருவிரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையில் அதை இடுக்கிப் பிடித்து, நான் கழற்றி முடிக்கும்வரை ஆடாமல் நின்றார். வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று இரண்டு தரம் கேட்டார்.

புரொசசர் மாற்றுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. மேலே அலுமினியக் கட்டியும் காற்றாடியும் இருக்கும். கிளிப்பை நெம்பினால் அது கழன்று வரும். பக்கத்துக் கம்பியைத் தூக்கினால் சிப் கையோடு வந்துவிடும். புதியதை ஊசிகள் பார்த்து இறக்கி, கம்பியை மடக்க வேண்டும். ஒரே ஒரு சங்கதிதான் முக்கியம். சிப்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பசை பூச வேண்டும். சிப்பின் சூட்டை மேலே கடத்துவது அந்தப் பசைதான். பழையது காய்ந்து பொருக்காகியிருந்தால் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும் என்று கடைக்காரர் இரண்டு தடவை சொல்லி, ஒரு சின்னப் பொட்டலமும் கொடுத்திருந்தார். அது ஒரு சிப்புக்குத்தான் போதும்.

பழைய பசையை பிளேடால் சுரண்டினேன். பொட்டலம் என் காற்சட்டைப் பையில் இருந்தது. அதை ஆபீசில் பிரிக்கவில்லை, என் மெஷினுக்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். செலரானை வெறும் சிப்பாகப் போட்டு, மேலே அலுமினியத்தை அமுக்கி, கிளிப்பை மாட்டி, பெட்டியை மூடிவிட்டேன். பசை பிறகு வாங்கிப் பூசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சுவிட்சைப் போட்டதும் மெஷின் வந்தது. மாமா கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டுக்குப் போய், பசையைத் தடவி, பென்டியத்தைப் போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கார் ஓடியது. மெய்யாகவே ஓடியது, வளைவில் வழுக்கி, சரிந்து, நிமிர்ந்து ஓடியது. லயத்து வாலிபர்கள் காம்பராவுக்குள் அடைந்து நின்று கத்தினார்கள். அம்மா சோற்றுப் பானையை எடுக்க வழி இல்லாமல் திட்டினார். நான் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் பாதிகூட அதற்குப் பிறகு எந்த நல்ல காரியத்திலும் பட்டதில்லை. இதை மறைப்பதில் பிரயோசனம் இல்லை.

அந்த இரண்டு கிழமையில் ஆபீஸ் மெஷின் மூன்று நான்கு தரம் நின்றது. அணைத்துப் போட்டால் வரும். பசை இல்லாததுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். பதுளைக்குப் போய்ப் பசை வாங்க ஒரு சனிக்கிழமை இருந்தது. அன்றைக்கு நான் கார் ஓட்டினேன்.

பூசை நாள் வந்தது. ஆபீசுக்கு வாழைக்கன்று கட்டி, கடலை அவித்து, கணக்கப்பிள்ளைமார் எல்லாரும் குளித்து வந்து நின்றார்கள். மொனிட்டரில் சரஸ்வதி. மாமா பட்டுத்துண்டை விரித்துப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு அலுமாரிக் கதவைச் சாத்தினார். கூட்டம் கலைந்ததும் மெதுவாகச் சொன்னேன்.

"மாமா, இந்த வருஷம் சாயந்தரம் அணைச்சிருவோம். சூடாகும்."

"போன வருஷம் சூடாவலையா?"

"அது இல்ல மாமா..."

"அப்பறம் என்னா?"

அதற்கு மேல் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். பொய்யாகவே சொல்லியிருக்கலாம், காற்றாடி பழுது, கரண்ட் சரியில்லை, எதுவாக இருந்தாலும் அவர் நம்பியிருப்பார். ஆனால் எதற்கும் ஒரு காரணம் கேட்பார்கள், காரணம் பெரிய கிளாக்கரிடம் போகும், அவர் பெட்டியைத் திறக்கச் சொல்வார் என்று என் மூளை தன்பாட்டுக்கு ஓடியது. சும்மா சொன்னேன் மாமா என்று சொல்லிவிட்டு, கடலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை நான் போகும்போது ஆபீஸ் வாசலில் ஆட்கள் கூடி நின்றார்கள். உள்ளே சாம்பிராணி வாசத்துக்கு அடியில் இன்னொரு நாற்றம், கருகிய வயர் நாற்றம். மொனிட்டர் இருண்டு கிடந்தது. மாமா பூசைத் தட்டோடு அதன் முன்னால் நின்றார். கற்பூரம் அணைந்து வெறும் கரி மட்டும் தட்டில் இருந்தது.

பெரிய கிளாக்கர் வந்து பார்த்தார். "பட்டுத்துண்டைப் போத்தி, பூட்டி வச்சு, ராப்பகலா எரிய விட்டா மெசின் என்னண்டு மூச்சு விடும்? நான் அப்பவே நினைச்சனான்" என்றார். போன இரண்டு வருடமும் அவர் அப்படி எதையும் நினைத்ததாக எனக்கு ஞாபகமில்லை. தொரைக்கு ஆள் போனது. தொரை சிங்களவர், ஆனால் தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"யாரு இத போட்டு வச்சது?"

"நாந்தாங்க தொரை" என்றார் மாமா.

"வேற யாரும் கை வச்சதா?"

"இல்லீங்க. நான் மட்டுந்தாங்க."

டோர்ச் பிடித்தது அவருக்கு மறந்திருக்காது. ஆனால் அவர் கணக்கில் அது தூசி தட்டியது, நல்ல காரியம். தொரை என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்டால், மாட்டேன். லயத்துப் பயலை உள்ளே விட்டால் திருடத்தான் செய்வான் என்று அந்த ஆபீசில் ஒரு வார்த்தை போதும். வேலை போகும், பொலிசு வரும், அம்மா அந்த ஜன்னலில் எந்த முகத்தோடு வந்து நிற்பார் என்றெல்லாம் நினைத்தேன். எல்லாம் மெய்தான். ஆனாலும் அது கோழைத்தனம். இத்தனை வருடம் கழித்து அதற்கு வேறு பெயர் தேட எனக்குப் பொறுமை இல்லை.

மெஷினைப் பதுளைக்குக் கொண்டு போகச் சொல்லி என்னையே அனுப்பினார்கள். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பழக்கமான கடைக்குப் போகவில்லை, அந்தக் கடைக்காரருக்கு என் செலரானைத் தெரியும். கடைத்தெருவின் மறு கோடியில் வேறு ஒரு கடையில் கொடுத்தேன். அங்கே இருந்தவர் திறந்து, அலுமினியத்தைத் தூக்கி, சிப்பின் மேல் விரலால் தேய்த்துப் பார்த்தார். பசையே இல்லையே என்றார் சிங்களத்தில். பழசு, காய்ந்து உதிர்ந்திருக்கும் என்றேன். சிப் போச்சு, போர்டும் போச்சு என்றார். எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்தார். துணி போர்த்தி, மூடிய அலுமாரியில் விட்டதால் அதிக சூட்டில் கருகியது என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். அந்தச் சீட்டை நான் பத்திரமாகக் கொண்டுவந்து தொரையிடம் கொடுத்தேன். மாமாவை மலைக்கு அனுப்பிய கடிதம் அதுதான்.

மறுநாள் பெரட்டில், காலையில் வேலை பிரிக்கும் இடத்தில், ஆம்பளைகளோடு வரிசையில் மாமா நின்றார். முதலில் கவ்வாத்துக்கு விட்டார்கள். கத்தி இரண்டாம் நாளே கையிலிருந்து நழுவி முழங்காலுக்குக் கீழே கிழித்தது. பிறகு மருந்தடிக்கும் வேலை. புல்லுக்கு அடிக்கிற மருந்து. டாங்கியை முதுகில் சுமந்து, ஒரு கையால் பம்ப் அடித்து, மறு கையால் குழாயைப் பிடிக்க வேண்டும். அவரிடம் மிச்சமிருந்த இரண்டு விரலில் அந்தக் குழாய் நிற்காது, வழுகும். அவர் குனிந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் டாங்கி மூடியிலிருந்து மருந்து கழுத்தில் வழியும். ஆபீஸ் ஜன்னலிலிருந்து அந்த மலை தெரியும்.

அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. தீபாவளி நெருங்கியிருந்தது. சம்பளப் பட்டியல் எல்லாம் எரிந்த மெஷினுக்குள் அகப்பட்டுக்கொள்ள, பெரிய கிளாக்கர் உட்கார்ந்து கையால் எழுத வேண்டியதாயிற்று. தீபாவளி முற்பணம் பிந்தியது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் மாமாவின் முகத்துக்கு நேரேயே, ஒன் பூசையால எங்க தீவாளி போச்சு என்றார்கள். சாமியே கண்ணை மூடிக்கொண்டது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கைராசி கெட்டவன் என்று பேர் விழுந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் தீபத் தட்டைப் பிடிக்க மாமா வழக்கம்போல் முன்னால் போனபோது, ஒருவர் மெதுவாக அவர் தோளைப் பிடித்துப் பின்னால் நிற்க வைத்தார். மாமா பின்னால் போய் நின்றார். நான் தூணோடு ஒட்டி நின்று பார்த்தேன்.

ஆபீசுக்குப் புதிய மெஷின் வந்தது. எனக்கோ வேலை முன்னைவிடச் சுகமாகிவிட்டது. அந்த நாட்களில் நான் கார் ஓட்டவில்லை என்று நீங்கள் நினைத்தால் அது என் மேல் உங்களுக்குள்ள நல்லெண்ணம். ஞாயிறு தவறாமல் ஓட்டினேன். சுவிட்சைப் போடும்போது ஒரு நிமிடம் மாமா ஞாபகம் வரும், பந்தயம் தொடங்கினால் மறந்துவிடும். மனிதன் அவ்வளவு மட்டமானவன் என்று எனக்கு அப்போது தெரியாது. தீபாவளிக்கு மறுநாள் பதுளைக் கடைக்காரர் ஆள் அனுப்பி, கொழும்பிலிருந்து சிப் வந்திருக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்றார். நான் போகவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் மாமா ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். கழுத்தில் மருந்து பட்ட இடம் வெந்து தோல் உரிந்திருந்தது. டிஸ்பென்சரிக்குப் போகத் துண்டுச் சீட்டு வேண்டும் என்று பெரிய கிளாக்கரிடம் கேட்டார். எட்டு வருடம் உள்ளே நின்றவர், வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். என்னைப் பார்த்து, நல்லா இருக்கியா தம்பி என்றார். அன்றைக்கு என்னால் சோறு தின்ன முடியவில்லை. சொல்லிவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். முதலில் அவரிடம், பிறகு தொரையிடம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் காம்பராவுக்குப் போனேன். மாமா வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி உள்ளே அடுப்படியில் நின்றார். அவரை அத்தை என்போம். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே, ஒரே மூச்சில் சொன்னேன்.

"மாமா, அந்த மெஷின் ஒங்களால எரியல. நாந்தான் காரணம். தூசி தட்டுறேன்னு சொன்னேன்ல, அன்னைக்கு அதோட சிப்ப கழட்டிட்டேன். என்னோட பழைய சிப்ப வச்சேன். பச வைக்கல. அதான் கருகிருச்சு. கேம் வெளையாடத்தான் மாமா கழட்டுனேன்."

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நல்லது. அவர் உள்ளே திரும்பி, "ஏ, இங்க வா. தம்பி சொல்றதக் கேளு" என்றார். அத்தை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "எனக்காக இவன் பழிய தூக்கித் தன் தலையில போட்டுக்க வந்திருக்கான்" என்றார் மாமா.

"இல்ல மாமா, நெசமா..."

"நாந்தானே பக்கத்துல லைட்டு புடிச்சேன். எனக்குத் தெரியாதா?"

அத்தையைத் தேத்தண்ணி போடச் சொல்லி உள்ளே அனுப்பினார். அவர் போனதும் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஒன் அத்தைக்குக்கூடத் தெரியாது, ஒனக்கு மட்டும் சொல்றேன். ஹல்துமுல்லையில எம் பங்காளி ஒருத்தன் செத்துட்டான். பூசைக்கு ஆறு நாளு முந்தி. ஆளு வந்து ஆபீஸ் வாசல்லயே எனக்குச் சொல்லிட்டுப் போச்சு. நான் எழவுக்குப் போவல. போனா தீட்டுன்னு வேற ஆளப் பூசைக்கு வச்சிருவாங்க. வருஷத்துல அந்த ஒரு நாளுதான் தம்பி, பெரிய கிளாக்கரு எங் கையால திருநீறு வாங்கிக்குவாரு. அந்த ஆசையில மறைச்சிட்டேன். தீட்டோட போயி சாமியத் தொட்டேன். அவ மொகத்த மூடிக்கிட்டா. இதுல சிப்பு என்னா செய்யும், பச என்னா செய்யும்?"

அவர் முகத்தில் கோபம் இல்லை. தண்டனை சரியாகத்தான் கிடைத்திருக்கிறது என்ற அமைதி இருந்தது. வாங்க மாமா, என் காம்பராவுக்கு வாங்க, பெட்டியைத் திறந்து அந்தச் சிப்பைக் காட்டுகிறேன் என்று சொல்ல வேண்டும். நூறு அடி தூரம்தான். அந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது.

அத்தை தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தத் தோட்டத்துல எங்களுக்குன்னு பேச ஒரு புள்ள இருக்கு" என்றார்.

"எம் மனசு ஆறட்டும்னுதானே தம்பி இப்புடிச் சொன்ன?" என்று மாமா கேட்டார்.

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"ஆமா மாமா" என்றேன்.

அவர் நீண்ட மூச்சு விட்டார். பிறகு, தொரையிடம் போய் இப்படி எதையும் உளறிவிடாதே, உன் வேலை போய்விடும், அம்மாவை யார் பார்ப்பது என்றார். வாய்ச்சொல் போதாது என்று, உள்ளே கூட்டிப்போய், சாமிப் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கைத் தொட்டுச் சத்தியம் பண்ணச் சொன்னார். தொட்டுச் சத்தியம் பண்ணினேன். அதற்குப் பிறகு ஆறு வருடம் அவர் மருந்து டாங்கியைச் சுமந்தார். அவர் சாகும் வரைக்கும் அந்தச் சத்தியத்தை நான் மீறவில்லை.